ஜப்பான் வண்டியா, சீன வண்டியா

லா பாஸ்
ஞாயிற்றுக்கிழமை, ஜூன் மாதக் குளிர்

அன்பு மகள் மரிபெலுக்கு, அம்மா எழுதுவது. கொப்பகபானா மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம். அங்கே இத்தாலியில் நீயும் மாப்பிள்ளையும் என் தங்கப் பேரன் எலியோவும் சளி காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். இந்தக் கடிதத்தை எதிர்வீட்டு டெய்சி கையில் கொடுத்தனுப்புகிறேன், வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள், உன் ஊருக்குப் பக்கத்தில்தான் அவளுக்கும் வேலையாம், வந்தால் ஒரு வாய் சோறு போட்டு அனுப்பு. போன் இருக்கும்போது அம்மா ஏன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா தோளோடு தோளாக வந்து நிற்கிறார், குரலைப் பதிந்து அனுப்பலாம் என்றால் நம் வீட்டுச் சுவரின் லட்சணம் உனக்குத் தெரியும், அடுப்படியில் முணுமுணுத்தால் வாசலில் கேட்கும். எழுத்தை மட்டும்தான் அவரால் படிக்க முடியாது. ஏன் முடியாது என்பதுதான் விஷயம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், உன் அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு புதுக் கார் வாங்கி ஓட்டப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, இந்த ஒரு பக்கத்தை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன், அடுப்பில் ஒன்றுமே இல்லை.

கார் வாங்குகிற கதையை உனக்கு அவரே சொல்லியிருப்பார், ஆனால் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார். மினிபஸ்ஸை விற்று ஒரு வருஷம் ஆகிறது அல்லவா, அன்றிலிருந்து அவருக்குக் கைகால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாலும் இடது கால் கிளட்ச் மிதிக்கிறது. ஈஸ்டர் முடிந்த வாரம் திடீரென்று சின்னதாக ஒரு எஸ்யூவி வாங்கலாம் என்றார். இரண்டைப் பிடித்து வைத்திருக்கிறார், இரண்டும் ஒரே அளவு, இரண்டும் வெள்ளை, ஒன்று ஜப்பான் வண்டி, ஒன்று சீன வண்டி. ஜப்பான் வண்டிக்குக் கியர் கையால் மாற்ற வேண்டும், எஞ்சின் பெரிசு, அடிப்பக்கம் நல்ல உயரம், யுங்காஸ் மலைச்சாலைக் கல்லில் இடிக்காது, பாகம் எதுவானாலும் எந்தச் சந்திலும் கிடைக்கும். சீன வண்டி ஆட்டோமேட்டிக், எஞ்சின் சின்னது ஆனால் டர்போ வைத்தது, மேட்டில் நிறுத்தி எடுத்தால் பின்னால் உருளாமல் தானே பிடித்துக்கொள்கிறது, பின்னால் எடுக்கும்போது திரையில் படம் தெரிகிறது. உன் அப்பாவின் பழைய கூட்டாளி பொலிகார்ப்பியோ அண்ணன் இருக்கிறாரே, நம் ஊர் உயரத்தில் மனுஷனுக்கே மூச்சு வாங்குகிறது எஞ்சினுக்கு வாங்காதா, டர்போ இல்லாத வண்டி எல் ஆல்தோ ஏற்றத்தில் கழுதையாக நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், கடைசியில் அவரே போய் டர்போ இல்லாத ஜப்பான் வண்டியை வாங்கிவிட்டார், கேட்டால் மனைவிக்கு அதன் முகம் பிடித்துவிட்டதாம். அப்பாவோ டர்போ கெட்டால் கொரோய்க்கோ மாதிரி மலையூரில் எவன் சரிபண்ணுவான் என்கிறார். காலையில் ஜப்பான், சாயங்காலம் சீனா, ராத்திரி மறுபடி ஜப்பான். என்னையும் கேட்டார். நான் இரண்டிலும் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஜப்பான் வண்டியில் என் தொப்பி கூரையில் இடிக்கிறது, சீன வண்டியில் இடிக்கவில்லை என்றேன். விற்கிற பெண் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாமே அம்மா என்றாள். ஊராரோடு மினிபஸ்ஸில் காலமெல்லாம் அப்படித்தான் போனேன், சொந்தக் காரிலுமா என்று கேட்டேன், பாவம் அவள் முகம் சுருங்கிவிட்டது.

இதையெல்லாம் சிரிப்பாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் உள்ளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. கடையில் அவர் வண்டி பார்க்கிற விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கதவைத் திறந்து மூடி, காதை அருகில் கொண்டுபோய்ச் சத்தம் கேட்பார். உள்ளங்கையால் முன்மூடியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடவுவார், டயரை அமுக்குவார், பின் இருக்கையின் இடுக்கில் விரலை விட்டு எலியோவின் நாற்காலியை மாட்டுகிற கொக்கி எங்கே என்று தேடி எடுப்பார். கடைக்காரர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள், முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர் என்றால் இப்படித்தான் என்று ஒருவன் இன்னொருவனுக்குச் சொன்னான், எனக்குக் கூடப் பெருமையாக இருந்தது. விவரம் போட்ட தாளைக் கொடுத்தால் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன், நீயே படி அம்மா என்று அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு ஏதடி கண்ணாடி? வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்று பல்பை மாற்றினார், அப்புறம் அதைவிடப் பெரிய பல்பு, இப்போது அடுப்படி பந்து மைதானம் மாதிரி எரிகிறது. காலையில் கோப்பையில் சோளக் கஞ்சி ஊற்றும்போது வழிந்து மேஜையெல்லாம் போகும்வரை ஊற்றுகிறார். படியில் இறங்கும்போது என் தோளைப் பிடிக்கிறார், என்ன திடீரென்று ஆசை என்று கேலி பண்ணினால் அவரும் சிரிக்கிறார். வில்லா பாத்திமாவிலிருந்து கொரோய்க்கோவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போவேன் என்று எத்தனை வருஷமாகப் பெருமை பேசுகிற மனுஷன், அதைக் கேட்டு நாம் சிரித்திருக்கிறோம். இப்போது அதையே சொன்னால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் பனி, அந்த யுங்காஸ் சாலையில் போனவர்கள் பேரில் எத்தனை சிலுவை நட்டிருக்கிறது என்று உனக்குத் தெரியாதா.

அப்புறம்தான் கொப்பகபானாப் பயணம் வந்தது. பொலிகார்ப்பியோ அண்ணன் புது வண்டியை ஏரிக்கரை மாதா கோயிலில் மந்திரிக்கப் போகிறேன், நீங்கள் இரண்டு பேரும்தான் வண்டிக்கு ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் என்று வந்து அழைத்தார். மறுக்க முடியுமா? தவிர அப்பாவுக்கு உள்ளூர வேறு கணக்கு, அதே ஜப்பான் வண்டியில் ஏரி வரைக்கும் உட்கார்ந்து போய்ப் பார்த்தால் மேட்டில் எப்படி இழுக்கிறது, பள்ளத்தில் எப்படிக் குதிக்கிறது என்று தெரிந்துவிடும், வாங்குகிறதா வேண்டாமா என்று முடிவு பண்ணிவிடலாம் என்று. வழி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார், மேட்டில் மூச்சு விடுகிறது பார், இரண்டாவது கியரில் போட்டிருக்கக் கூடாது பொலிகார்ப்பியோ என்று சொல்லிச் சொல்லி அந்த மனுஷனை ஓட்ட விடவில்லை. கோயில் வாசலில் வரிசையாக வண்டிகள், மூக்கு எல்லாம் மாதாவைப் பார்த்து. அண்ணன் பட்டாசு வாங்கப் போனார், அவர் மனைவியும் நானும் கிளாடியோலஸ் பூவும் காகித மாலையும் வாங்கினோம், பூவைப் பிரித்துக் கட்டிக்கொண்டே அப்பாவிடம் ஒரு மாலையையும் பீர் பாட்டிலையும் கொடுத்து முதலில் நீங்கள் போய் ஆரம்பியுங்கள், ஞானத்தகப்பன் கைதான் முதலில் படவேண்டும் என்றேன். சூரியன் நெற்றியில் அடித்தது, ஏரித் தண்ணீர் எல்லாம் கண்ணாடியாகக் கூசியது. நாங்கள் பூவோடு போய்ப் பார்த்தால் வண்டி முன்னால் மாலை அழகாகக் கட்டியிருக்கிறது, நாலு சக்கரத்திலும் பூமித்தாய்க்கென்று தரையிலும் பீர் ஊற்றியாகிவிட்டது, முன்மூடியில் வண்ணக் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டு அப்பா ஏதோ வேண்டிக்கொண்டு நிற்கிறார். வண்டிதான் அண்ணனுடையது இல்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவருடைய சீன வண்டி.

இரண்டு மாதமாக அந்த இரண்டு வண்டியையும் சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் பிரித்துப் போட்டவர், கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எது என்று சொல்லுவேன் என்றவர். பொலிகார்ப்பியோ அண்ணன் பட்டாசுக் கட்டோடு வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், உன் அப்பாவைக் காட்டி, செவேரோ வேண்டுமென்றே விளையாடுகிறான், சீனாக்காரனை வாங்கப் போவதை இப்படிச் சொல்கிறான் என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். வண்டிக்குச் சொந்தக்காரர் மெழுகுவத்தி வாங்கப் போயிருந்தவர் குடும்பத்தோடு திரும்பி வந்தார், ஒருரோ ஊரிலிருந்து வந்தவர்களாம். எனக்குப் பயம், சண்டைக்கு வருவாரோ, அடுத்தவன் வண்டிக்கு நீ யார் ஊற்ற என்று கேட்பாரோ என்று. அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் சொல்லி வைத்திருந்த ஞானத்தகப்பன் உடம்பு சரியில்லை என்று வரவே இல்லையாம், யாரும் இல்லாமல் எப்படி மந்திரிப்பது என்று விசனத்தில் இருந்தார்களாம், மாதாவே உங்களை அனுப்பியிருக்கிறாள் ஐயா என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். சாமியார் வந்து இரண்டு வண்டிக்கும் தீர்த்தம் தெளித்தார், இரண்டுக்கும் உன் அப்பாதான் ஞானத்தகப்பன். எல்லாரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், மீன் வறுவல், பீர், ஒரே கொண்டாட்டம். நான் மட்டும் பார்த்தேன். அந்த ஒருரோக்காரர் என் வண்டி என்று சொன்ன நிமிஷம் அப்பா கை மெதுவாக வண்டி மூக்குக்குப் போனது, அங்கே இருந்த கம்பெனி முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தது. அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை மரிபெல். பிறகு அவரும் சேர்ந்து சிரித்தார், எல்லாரையும்விடச் சத்தமாக.

திரும்பும்போது திக்கினாவில் ஏரியைக் கடக்க வழக்கம்போல வண்டியைப் பலகைத் தெப்பத்தில் ஏற்றிவிட்டு ஆட்கள் நாங்கள் மோட்டார் படகில் ஏறினோம். அண்ணனும் அவர் மனைவியும் முன்னால், நாங்கள் கடைசிப் பலகையில். வண்டி நிற்கிற தெப்பம் எங்கள் படகுக்குப் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது, அதன் தண்ணீர் என் பாவாடையில் தெறிக்கிற தூரம். அப்பா என் காதருகில் குனிந்து, "நம்ம வண்டி எந்தத் தெப்பத்துல வருது?" என்று கேட்டார். நான் பக்கத்திலேதான் என்று சொல்லிவிட்டு, எவ்வளவு நாளாக என்று கேட்டேன். அவர் என்ன எவ்வளவு நாளாக என்று கேட்கவில்லை. "வலது கண்ணு போயிடுச்சு நிக்கொலாசா. இடதுல பனிக்குள்ள பாக்கற மாதிரி கொஞ்சம் இருக்கு. அதுவும் நிக்காதுங்கறாங்க" என்றார். லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோதுதான் தெரிந்ததாம், கண்ணுக்குள் அழுத்தமாம், போனது திரும்பி வராதாம், மிச்சம் இருப்பதை ஓடாமல் பிடித்துவைக்க மட்டும் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். கார் பார்க்கப் போகிறேன் என்று தனியாகக் கிளம்பிப் போன நாளெல்லாம் பாதி கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறார். லைசென்ஸ் கொடுக்கவில்லை. கொடுக்காத லைசென்ஸை வைத்துக்கொண்டு கார் வாங்குகிறார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தெரிந்துகொண்டுமா என்னையும் ஏற்றிக்கொண்டு பாதாளத்துக்குப் போகப் பார்த்தீர்கள் என்று கேட்டேன், முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யுங்காஸ் பக்கம் போகவே மாட்டேன் என்றார். பின்னே எதற்கு இந்தக் கார், எதற்கு ஜப்பான் சீனா என்று உயிரை வாங்குகிறீர்கள் என்றேன். அப்போது சொன்னார்: "டிசம்பர்ல மரிபெல் வரா. ஏர்போர்ட்டுக்கு ஒரே ஒரு தடவை நான் ஓட்டிட்டுப் போறேன். ஊரு உலகத்தையெல்லாம் ஏத்தி இறக்கினேன், எம் பேரனை ஒரு தடவை ஏத்திக்கறேனே. அதுக்கப்புறம் சாவியை உங்கிட்ட குடுத்துடறேன்." என் வாய் சும்மா இருக்குமா, "எம் பேரனை ஏத்திக்கிட்டு எவன் மேல கொண்டுபோய் மோதுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். படகு கரை வந்து சேர்ந்தது. இறங்கும்போது என் கையைத் தேடினார், கொடுத்தேன். கேட்டது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை, ஆனாலும் அதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

அன்றிலிருந்து இந்த வீட்டில் இரண்டு பேருமே நிலைகொள்ளாமல் சுற்றுகிறோம். அவர் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறார், நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். மூன்றாவது நாள் நான் ஒரு காரியம் செய்தேன், என் சந்தைக் கடையை மத்தியானமே மூடிவிட்டுப் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. சொல்லித் தருகிறவர் என் பாவாடை அடுக்குகளைப் பார்த்துவிட்டு ஐயோ பெடல் எங்கே இருக்கிறது என்று தேடினார், நான் ஒரு அடுக்கைக் குறைத்துக்கொண்டு போகிறேன், தொப்பி மட்டும் அப்படியே. கியரும் கிளட்சும் இந்த வயசில் என் காலுக்கு ஏறவில்லை, மேட்டில் நிறுத்தி எடுத்தால் பின்னால் போய்ப் பழக்கடைக்காரி கத்துகிறாள். ஆட்டோமேட்டிக் கொடுத்தார்கள், அது கேட்கிறது. சொன்னால் நம்பமாட்டாய், அப்பாவும் கூட வருகிறார், பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் சத்தத்தை வைத்தே திட்டுகிறார், இப்போது மூன்றாவதைப் போடு, போடு என்கிறார். இதில் கியரே இல்லை என்று சொல்லிக்கொடுப்பவர் சொன்னால் அதனால்தான் இது உருப்படாத வண்டி என்கிறார். ஆனால் வளைவு வருவதற்கு முன்னாலேயே வளைவு வருகிறது வேகத்தைக் குறை என்று சரியாகச் சொல்லிவிடுகிறார், லா பாஸ் தெரு அத்தனையும் அவர் உடம்பில் இருக்கிறது. நேற்று மினாசா இறக்கத்தில் அப்பா சொன்னபடியே போனேன், ஒரு ஹார்ன் கூட யாரும் அடிக்கவில்லை. அவர் நன்றாக ஓட்டினாய் என்று சொல்லவில்லை, பிரேக்கைக் கொல்லாமல் ஓட்டினாய் என்றார். நாற்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரிசு.

இனி நீ செய்ய வேண்டியதைக் கேள். வாங்குவது என்பதில் மாற்றமில்லை, சாவி என் கையில் என்பதையும் வாய் திறந்து ஒத்துக்கொள்ளாமலே ஒத்துக்கொண்டுவிட்டார், ஆனால் எந்த வண்டி என்பதில் மட்டும் இன்னும் ஜப்பானைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அது கிளட்ச் வண்டி, எனக்கு ஆகாது என்று தெரியும், தெரிந்தும் விடமாட்டேன் என்கிறார். ஆட்டோமேட்டிக் வாங்கினால் அது முழுக்க முழுக்க என் வண்டி ஆகிவிடும், ஜப்பான் வண்டி வாசலில் நின்றாலாவது தன் வண்டி என்று இருக்கலாம், அதுதான் எனக்குப் புரிகிறது. மரிபெல் எதைச் சொல்கிறாளோ அதை வாங்குகிறேன் என்று கடைசியாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு போனில் கேட்பார். சீன வண்டி என்று சொல். டர்போ, பாகம், கொரோய்க்கோ என்று ஆரம்பிப்பார், வாதாடாதே, அப்பா எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்று குழந்தை மாதிரி பிடிவாதம் பிடி, உன் பிடிவாதத்துக்கு மட்டும்தான் அவர் எப்போதும் தோற்பார். கண் விஷயம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, அவராகச் சொல்லட்டும், அந்த ஒன்றையாவது அவர் வாயால் சொல்ல விடுவோம். போனில் உன் முகம் தெரிகிறது, எலியோ வளர்ந்துவிட்டான் என்று அவர் சொல்வதெல்லாம் சத்தத்தை வைத்துச் சொல்வது. போன வாரம் எலியோவுக்கு முடியை ஒட்ட வெட்டி நீ காட்டினாயே, எவ்வளவு அழகான சுருள்முடி என்று சொன்னாரே, அப்போது நீ சிரித்தாய், நான் திரும்பிக்கொண்டேன்.

அதனால் டிசம்பர் வேண்டாம் மகளே. டாக்டரிடம் நானே போய்க் கேட்டேன், டிசம்பருக்கு நான் பொறுப்பில்லை என்றுவிட்டார். லீவு கிடைக்காது, டிக்கெட் ஏறியிருக்கிறது, மாப்பிள்ளைக்கு வேலை என்று ஆயிரம் இருக்கும், எனக்குத் தெரியும், அம்மா இதுவரை உன்னை வா என்று கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். ஆகஸ்ட்டில் வா, முடிந்தால் அதற்கு முன்னால் வா. மாப்பிள்ளை வரமுடியாவிட்டால் நீயும் பிள்ளையுமாக வா. எல் ஆல்தோ விமான நிலையம் வரைக்கும் நான் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவேன், பயப்படாதே, முன் சீட்டில் அவர் உட்கார்ந்து வழி சொல்லுவார்.

மாதா உன்னையும் உன் வீட்டையும் எலியோவின் ஒவ்வொரு அடியையும் காக்கட்டும், பூமித்தாய் உன் காலடியில் நல்லதையே விரிக்கட்டும். வரும்போது இங்கத்துக் குளிருக்கு நான் கொடுத்தனுப்பும் கம்பளியை எலியோவுக்குப் போட்டுவிடு, டெய்சியிடம் இருக்கிறது. ஒன்றே ஒன்று நினைவில் வை. வருகிற அன்று ஏர்போர்ட் வாசலில் தூரத்தில் நின்று கையசைக்காதே, அப்பா என்று கத்திக் கூப்பிட்டுக்கொண்டு ஓடியும் வராதே, சத்தத்தை வைத்து வேண்டாம், கண்ணால் பார்க்கட்டும். நேரே நடந்து வந்து அவர் முகத்துக்கு எதிரில் நில், எலியோவைத் தூக்கி அவர் மூக்கோடு மூக்கு படுகிற மாதிரி பிடி. கை வலித்தாலும் பரவாயில்லை, அவர் பார்த்து முடிக்கும்வரை பிள்ளையைக் கீழே இறக்காதே.

உன் அம்மா,
நிக்கொலாசா சுக்கிமியா